எண்பத்து நான்கு மூச்சு

கோப்பி ஆறுவதற்குள் குடித்துவிடுங்கள், சாந்தினி. சீனி போட்டிருக்கிறேன். வகுப்பில் சீனியை எதிரி என்று முழங்குகிறவன் வீட்டில் இரண்டு கிலோ சீனி இருப்பதைப் பார்த்தும் நீங்கள் ஒன்றும் சொல்லவில்லை. நல்ல வளர்ப்பு. உங்கள் அம்மா ஜெகதீஸ்வரி உங்களை நன்றாகத்தான் வளர்த்திருக்கிறார்.

நீங்கள் வந்தது என் சால்வையைத் திருப்பிக் கொடுக்க. அம்மாவை ஆம்புலன்ஸில் ஏற்றியபோது அவர் மேல் கிடந்தது. துவைத்து, இஸ்திரி போட்டு, பதினாறாம் நாள் காரியம் முடிந்த கையோடு கொண்டுவந்திருக்கிறீர்கள். கொடுத்துவிட்டுப் போயிருக்கலாம். போகாமல் என் தலையையே பார்த்துக்கொண்டு நின்றீர்கள். பிறகு கேட்டீர்கள்: "தாத்தா, ஒங்க உண்மையான வயசு என்னா?"

ஆறு வருடமாக யாரும் கேட்காத கேள்வி. பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் பூதக்கண்ணாடிக்கு அடியில் குறை தேடுகிற பெண் நீங்கள் என்று அம்மா சொல்லியிருக்கிறார். என் வெள்ளை முடியின் அடியில் கறுப்பு முளைத்திருப்பதை வேறு யார் பார்ப்பார்கள். போன வாரமே சூலியா தெருவில் ஹனீபாவின் முடிதிருத்தும் கடைக்குப் போனேன். நாற்காலியில் உட்கார்ந்தேன். அவர் வெள்ளைத் துணியை என் கழுத்துவரை இழுத்தார். நான் எழுந்து வந்துவிட்டேன். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

என் வயது அறுபத்து நான்கு. வரும் ஞாயிற்றுக்கிழமை அறுபத்தைந்து. வகுப்பில் மட்டும்தான் எண்பத்து நான்கு.

இதில் என் தவறு பாதிதான். நானும் உங்கள் பாயான் லெப்பாஸில்தான் இருபத்தெட்டு வருடம் வேலை செய்தேன். ஓய்வு பெற்றதும் பாடாங் கோத்தா கடற்கரைத் திடலில் பாயை விரித்து, குணாளன், வயது ஐம்பத்தெட்டு என்று உண்மையைச் சொல்லி யோகா கற்றுக்கொடுத்தேன். ஆறு பேர் வந்தார்கள். அதில் இரண்டு பேர் பேருந்துக்குக் காத்திருந்தவர்கள். எங்கள் அப்பா வழியில் யாருக்கும் நரைக்காது. பெரியப்பா தொண்ணூற்றிரண்டில் செத்தபோது மீசை காக்கைச் சிறகு மாதிரி இருந்தது. பிணத்துக்கு மை அடித்துவிட்டார்கள் என்று ஊரே பேசியது. எனக்கும் அதே பேச்சு. "டை அடிக்கிறாரு லா" என்றார்கள். உண்மையான கறுப்பை ஒருவரும் நம்பவில்லை.

ஒரு நாள் திடலில் நடந்துகொண்டிருந்த ஒரு பெண்மணி வயது கேட்டார். எழுபத்து நான்கு என்று வாயில் வந்துவிட்டது. அவர் வாய் பிளந்ததைப் பார்த்திருக்க வேண்டும். குருவி கூடு கட்டியிருக்கலாம். அடுத்த வாரம் பதினெட்டுப் பேர். அதன் பிறகு நான் மற்ற மனிதர்களைவிடக் கொஞ்சம் வேகமாக வயதானேன். ஒரு வருடத்தில் எண்பதைத் தொட்டேன். ஹனீபாவிடம் போய் முடியை வெள்ளையாக்கச் சொன்னேன்.

"என்னாண்ணே, எல்லாரும் நரைய மறைக்க வர்றாங்க, நீங்க நரை வாங்க வர்றீங்க. கல்யாணத்துக்கா, கருமாதிக்கா?"

"ரெண்டுக்கும் நடுவுல" என்றேன்.

தலை வெளுத்ததும் மற்றதெல்லாம் தானாக அமைந்தது. வெள்ளைப் பருத்தி ஜிப்பா, வெள்ளைச் சால்வை, தேவையே இல்லாத ஒரு கைத்தடி. பேருந்து நிறுத்தத்திலிருந்து பாய்வரை கூனி நடப்பேன். பாயில் ஏறியதும் தலைகீழாக நிற்பேன். அந்தக் கூனல் இல்லாவிட்டால் தலைகீழாக நிற்பதில் ஒன்றுமே இல்லை. சாப்பாட்டுக்கும் விதி வைத்தேன்: பதினோரு மணிக்கு ஒரே வேளை, பச்சை வல்லாரை, பாலிக் புலாவ் சாதிக்காய்ச் சாறு. வகுப்பின் முடிவில் எல்லோரும் கண்ணை மூடி மல்லாந்து படுக்க வேண்டும். என் வயது எவ்வளவோ அவ்வளவு மூச்சு. நான் எண்ணுவேன். எண்பத்து நான்காவது மூச்சுவரை யாரும் கண்ணைத் திறக்கக் கூடாது. கடல் காற்றில் நாற்பது பேர் அப்படிக் கிடப்பதைப் பார்த்தால் உங்களுக்கே மனம் அடங்கிவிடும்.

பாலிக் புலாவுக்கு நான் சாதிக்காய்க்காக மட்டும் போகவில்லை. எனக்கு இரத்த அழுத்தம் உண்டு. தெரிந்த முகம் எதிரே வராத இடமாகப் பார்த்து, மலையைச் சுற்றிக்கொண்டு அந்தக் கிளினிக்குக்குப் போய் மாத்திரை வாங்குவேன். தைலப் புட்டிக்குள் போட்டு வைத்து, தினம் ஒன்று தவறாமல் விழுங்குகிறேன். உடம்பு விஷயத்தில் விளையாடக் கூடாது.

உங்கள் அம்மா வந்து சேர்ந்தது இரண்டு வருடம் முன்பு. பள்ளிக்கூடக் கேண்டீனை முப்பது வருடம் நடத்திய குரல். அவர் "வரிசைல நில்லுங்க" என்றால் துறைமுகத்துக் கப்பல்கூட வரிசையில் நின்றிருக்கும். முதல் வரிசையில் கடல் பக்கத்து மூலை அவருடைய இடம். என்னை ஐயா என்று கூப்பிடுவார். நான் வெள்ளை உடுத்தியதால் அவரும் வெள்ளைக்கு மாறினார். கலர் சேலைகள் எல்லாம் உங்கள் அலமாரிக்கு வந்தது அப்போதுதான். நான் ஒரு வேளை என்றதும் அவரும் ஒரு வேளை.

ஒரு காலையில் எல்லோர் முன்னாலும் கேட்டார்: "ஐயா, நீங்க மாத்திரை ஏதும் சாப்பிடுவீங்களா?"

எண்பத்து நான்கு வருடத்தில் இந்தத் தொண்டையில் ஒரு மாத்திரைகூட இறங்கியதில்லை என்றேன். கை தட்டினார்கள். நான் அவரை எதையும் நிறுத்தச் சொல்லவில்லை. அதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும். அவருக்கு இதயத்துக்கு மூன்று மாத்திரை என்பதே எனக்கு அப்போது தெரியாது.

பிறகு தெரிந்தது.

இந்த நாட்டில் வயதைக் கூட்டிச் சொல்வது லேசான வேலை இல்லை. ஐ.சி. என்கிற அடையாள அட்டை எண்ணின் முதல் இரண்டு இலக்கமே பிறந்த வருடம். என்னுடையதில் ஆறு, ஒன்று. ஆறு வருடம் அந்த அட்டையை யார் கண்ணிலும் படாமல் வைத்திருந்தேன். அம்மா இறப்பதற்குப் பத்தொன்பது நாள் முன்பு, நான் தலைகீழாக நின்றபோது என் பை சரிந்தது. வகுப்பு முடிந்து எல்லோரும் பசியாறப் போய்விட்டார்கள். அம்மா மட்டும் சிதறியதைப் பொறுக்கிக்கொண்டிருந்தார். திரும்பிப் பார்த்தால், கடல் சுவரில் உட்கார்ந்து அட்டையைக் கண்ணுக்குக் கிட்டே வைத்துப் படிக்கிறார். அப்புறம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறார்.

"ஐயாவாம், ஐயா. ஏழு வயசு தம்பி லா நீ எனக்கு. வா தம்பி, இங்க ஒக்காரு. அக்கா ஒன் காதைத் திருகணும்."

அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் சமாளித்திருப்பேன். பக்கத்தில் சுவரைத் தட்டி இடம் காட்டினார்.

"பயப்படாத, யாருகிட்டயும் சொல்ல மாட்டேன். ஆனா நான்தான் மடச்சி. ஒன்னயப் பாத்துட்டு மூணு மாசமா மாத்திரைய நிப்பாட்டி வெச்சிருக்கேன். இன்னிக்கே திரும்பப் போடணும்."

அங்கே நான் செய்ய வேண்டியது ஒன்றுமே இல்லை, சாந்தினி. காதைக் கொடுத்துவிட்டு வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தால் போதும். அம்மா வீட்டுக்குப் போய் மாத்திரையைப் போட்டுக்கொண்டிருப்பார். ஆனால் தம்பி என்ற அந்தச் சொல். நாற்பது பேர் காலில் விழுகிற ஒரு கிழவரை அந்தச் சொல் ஒரு நொடியில் அழித்துவிட்டது. அங்கே மிச்சம் நின்றது தொழிற்சாலைப் பேருந்துக்கு ஓடுகிற ஒரு குணாளன். அவனை யாருக்கும் தெரியாது. எனக்கே அவனைப் பிடிக்காது.

அதனால் நிதானமாகச் சொன்னேன். "அம்மா, நான் தோட்டத்துல பொறந்தவன். அப்பா என்னையப் பதியவே இல்ல. இருவது வயசுல கணக்கெழுதுற கிராணி கூட்டிக்கிட்டுப் போயி பதிஞ்சாரு. அவரு பதிஞ்ச வருசத்தையே பொறந்த வருசம்னு எழுதிட்டாங்க. அந்த அட்டைய நம்புறீங்களா, என்னைய நம்புறீங்களா?"

நான் பிறந்தது ஜார்ஜ்டவுன் பெரிய ஆஸ்பத்திரியில். ரப்பர் மரத்தை முதன்முதலில் பார்த்ததே பள்ளிச் சுற்றுலாவில்தான். ஆனால் தோட்டத்துப் பிள்ளைகளின் தாள்களில் நடந்த கூத்து நம் சனங்களில் எல்லோருக்கும் தெரியும். உங்கள் தாய்மாமா பிறப்புப் பத்திரம் இல்லாமல், குடியுரிமையும் கிடைக்காமல் சிவப்பு ஐ.சி.யோடு அலைந்தாராமே, அதை அம்மா எனக்குச் சொல்லியிருந்தார். அதை மனத்தில் வைத்துத்தான் சொன்னேன். அவர் முகத்தில் சிரிப்பு அப்படியே நின்றது. கண் கலங்கியது. சுவரிலிருந்து இறங்கி, எழுபத்தொரு வயதுப் பெண்மணி, என் காலைத் தொட்டார்.

"மன்னிச்சிடுங்க ஐயா. வாய்த் துடுக்கு."

நூறு வயசு இருங்க என்று ஆசீர்வாதம் செய்தேன். மாத்திரையைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை.

அம்மாவின் மாத்திரைப் பெட்டி பிரிக்காமல் அப்படியே இருந்தது என்று வாசலில் நிற்கும்போதே சொன்னீர்கள். அதற்குக் காரணம் இதுதான். இதோடு நீங்கள் கேட்டதற்குப் பதில் முடிந்துவிட்டது. இனிச் சொல்வது நீங்கள் கேட்காதது.

அம்மா போன அன்று காலை எல்லோரும் மல்லாந்து படுத்துக் கண்ணை மூடியிருந்தார்கள். நான் வரிசைகளுக்கு நடுவே நடந்தபடி எண்ணிக்கொண்டிருந்தேன். இருபத்தாறுக்கு அம்மாவின் மூலைக்கு வந்தேன். அவர் கண் திறந்திருந்தது. ஒரு கை நெஞ்சில். உதடு நிறம் மாறியிருந்தது. குனிந்தேன்.

"தம்பி" என்றார். "தம்பி, மாத்திரை..."

அவர் கடைசிவரை என்னை நம்பினாரா, இல்லை காலைத் தொட்ட அன்றே சிரித்தபடி எனக்கு விட்டுக்கொடுத்தாரா என்று எனக்குத் தெரியாது. பத்தொன்பது நாளும் ஐயா என்றுதான் கூப்பிட்டார். தவிப்பில் இருக்கிறவர் யாரைப் பார்த்தாலும் தம்பி என்று சொல்லலாம். அதைத்தான் நான் எனக்குச் சொல்லிக்கொள்கிறேன். ஆனால் கேண்டீன் குரல் அது. அடுத்த தடவை கொஞ்சம் சத்தமாக வந்தால் நாற்பது பேருக்கும் கேட்கும். நாற்பது பைகளிலும் கைப்பேசி இருந்தது. ஆஸ்பத்திரி பக்கத்தில்தான்.

சால்வையை எடுத்து அவர்மேல் போர்த்தினேன். யாராவது பார்த்தால் குளிருக்கு என்று நினைத்துக்கொள்ளட்டும். அதை வாய்வரை இழுத்தேன். என் கையை அதன் மேல் வைத்தேன். மெதுவாகத்தான் வைத்தேன். முப்பத்தொன்று என்பதைக் கொஞ்சம் நீட்டிச் சொன்னேன். அதற்குள் சால்வை அசைவது நின்றுவிட்டது.

எண்பத்து நான்குவரை எண்ணினேன். ஒன்றுகூடத் தவறவில்லை.

பிறகு எல்லோரும் அழுதார்கள். தியானத்திலேயே போய்விட்டார், கொடுத்துவைத்தவர் என்றார்கள். நீங்களும் இடுகாட்டில் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, அம்மா நிம்மதியாகப் போனதற்கு உங்களுக்குத்தான் தாத்தா நன்றி சொல்லணும் என்றீர்கள். நீங்கள் பிடித்தது அந்தக் கையைத்தான்.

ஹனீபாவின் வெள்ளைத் துணி ஏன் என்னை எழுப்பிவிட்டது என்று இப்போது புரிந்திருக்கும்.

வகுப்பு நிற்கவில்லை. மூன்றாம் நாளே தொடங்கிவிட்டேன். ஆனால் ஒரு சங்கடம். முப்பதுவரை ஒழுங்காக எண்ணுகிறேன். முப்பத்தொன்று என்றதும் கடல் பக்கத்து மூலையிலிருந்து தம்பி என்று கேட்கிறது. சத்தமாக இல்லை. பக்கத்தில் வந்து உட்காரச் சொல்கிற குரல். அங்கே வெறும் புல்தான். முப்பத்திரண்டு வாயில் வர மறுக்கிறது. இருமுகிறேன், தண்ணீர் குடிக்கிறேன், திரும்ப ஒன்றிலிருந்து தொடங்குகிறேன். மறுபடி முப்பத்தொன்று. நேற்று பத்து மணிவரை நாற்பது பேரும் கண்ணை மூடிப் படுத்திருந்தார்கள். வெயில் முகத்தைச் சுட்டபோதும் ஒருவர்கூடத் திறக்கவில்லை. அவ்வளவு நம்பிக்கை.

உடம்பில் எதையும் தங்கவிடக் கூடாது என்பது என் முதல் பாடம். தங்கியது நஞ்சாகும். இதைப் பதினாறு நாள் தங்கவிட்டதுதான் நான் செய்த பிழை. இப்போது உங்களிடம் இறக்கிவைத்துவிட்டேன். நெஞ்சு லேசாக இருக்கிறது, காலையில் வல்லாரை சாப்பிட்டதைப் போல. நீங்கள் போலீஸுக்குப் போகலாம். உங்கள் உரிமை. திங்கட்கிழமை போனால் நல்லது.

ஏனென்றால் ஞாயிற்றுக்கிழமை என் பிறந்த நாள். வகுப்பில் கேக்குக்குச் சொல்லிவைத்திருக்கிறார்கள், சீனி இல்லாமல். எண்பத்தைந்து மூச்சையும் இந்தத் தடவை தடங்கல் இல்லாமல் எண்ணிவிடுவேன் என்று நினைக்கிறேன். அந்தச் சால்வையை இப்படி வைத்துவிடுங்கள், நன்றாகத் துவைத்திருக்கிறீர்கள். நீங்களும் வர வேண்டும், சாந்தினி. முதல் வரிசையில் கடல் பக்கமாக ஒரு இடம் காலியாக இருக்கிறது.