மூடி கழற்றிய டப்பா

எனக்கு டீ வேண்டாம் ஐயா, விசாரணைக்கு வரும்போது வீட்டிலேயே குடித்துவிட்டுத்தான் வந்தேன்.

தியாகதுருகம் சாலைப் பள்ளியில் பத்தொன்பது வருடமாக வேதியியல் நடத்துகிறேன். சில உப்புகள் காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொள்ளும். சில, தம்மிடமுள்ள நீரைக் காற்றுக்கு விட்டுவிடும். சலவைச் சோடா இரண்டாவது வகை. கட்டியாக இருப்பது வெயிலில் மாவாக உதிரும், எடையும் குறையும்.

ஆய்வக உதவியாளர் செல்லன் மலையில் கரியாலூர்க்காரன். எட்டாவது தாண்டாதவன். ஜன்னலோரம் நின்று என் பாடத்தைக் கேட்பான். போன தை மாதம் செய்முறை வகுப்பில் நான் காஸ்டிக் சோடாவை எடை போடும்போது, "சார், அது ஈரம் இழுத்துக்கினு கெடக்குது. எடை சரியா வராதுங்க" என்றான். சொன்னது சரிதான். நாற்பது பிள்ளைகள் சிரித்தார்கள். அதற்குப் பிறகு சந்தேகம் என்றால் அவனிடம் போனார்கள்.

கோடை விடுமுறைக்குப் பூட்டுகிற அன்று சலவைச் சோடா டப்பாவின் மூடியைக் கழற்றி வைத்தேன். மேலே தகரக் கூரை. ஜூனில் மூடியைத் திரும்பப் போட்டு, தாளாளர் அம்மா முன்னால் எடை போட்டேன். ஐந்து கிலோ, மூன்றாகியிருந்தது. சாவி செல்லனிடம்தான் இருந்தது.

மலையில் சாராய வேட்டை நடந்துகொண்டிருந்த சமயம் அது. "சாராயம் காய்ச்ச மலைக்கு எடுத்துட்டுப் போயிட்டானா சார்?" என்று அம்மா கேட்டார். "அவன் ஊர் அங்கதாங்க" என்றேன். அதில் பொய் இல்லை. மலைக்காரன், காணாமல் போன ரசாயனம். அவனைக் காவல் நிலையத்துக்குக் கொண்டுபோனார்கள். அங்கே அதற்கு மேல் எதுவும் கேட்கவில்லை.

மறுநாள் அவன் மனைவி சாமியம்மாள் என் வாசலில் நின்றாள்.

"அந்த உப்பு காத்துல தானா கொறையுமாம் சார். சாரைக் கேளு, சாருக்குத் தெரியும்னு சொல்லிக்கினே இருக்கறாரு. ரொம்ப அடிக்கறாங்க. அப்பிடிக் கொறையுமா சார்?"

அவள் செருப்பில்லாமல் வந்திருந்தாள். நான் யோசித்துத்தான் பதில் சொன்னேன்.

"கொறையாதும்மா."

"அப்ப அவருதான் எடுத்தாரா?"

நான் கதவைப் பாதி சாத்தினேன். கும்பிட்டுவிட்டுப் போனாள்.

மூன்றாம் நாள் செல்லன் இறந்தான். நான் அவன்மேல் ஒரு விரல்கூட வைத்ததில்லை ஐயா. கேட்ட கேள்விக்குத் தவறான விடை சொன்னேன். ஆசிரியருக்கு அது இழுக்குதான். அதை ஒப்புக்கொள்கிறேன்.