மழைக்கு முன்னாடி வேற உத்தரம்

— பூஜ்யம்னு போடுப்பா வெங்கிடேசு. இதுல யோசிக்க என்ன கெடக்கு?

— பூஜ்யம் போட்டா கேமரா முன்னாடி காரணம் பறயணும், ஒச்சம்மாக்கா. அதாக்கும் நிபந்தனை. மட்டாஞ்சேரியில ஓட்டு இருக்கற மூணு பேர் உக்காந்து, வேட்பாளர் எப்படிப் பதில் சொன்னார்னு மார்க் போடறேள். சும்மா பூஜ்யம்னா கட்சிக்காரா நம்ம சேனலை உடைச்சுடுவா. மொதல்ல இந்த சாயாவைக் குடியுங்கோ.

— காரணம் சொல்லத்தானப்பா வந்துருக்கேன். இல்லாட்டி இஞ்சிக் கிட்டங்கி வேலைய விட்டுட்டு இங்கன வந்து உக்காருவேனா?

— முன்னாடி வந்த வேட்பாளர் சுபாஷிணியம்மாவுக்கு ஏழு போட்டேளே. அவா வேர்த்துக் கொட்டி, பேப்பரைக் கீழே போட்டு, தண்ணி கேட்டு...

— தெரியலன்னு சொல்லுச்சுல்ல? ரெண்டு தடவை சொல்லுச்சு. அதுக்குத்தான் ஏழு. நான் இருவது வருசமா சுக்குப் பொறுக்குறவ. மேல வெளுத்திருக்கறத நம்ப மாட்டேன், ஒடிச்சுப் பாப்பேன். இந்த ஹரிநாராயணன் நல்லா வெளுத்த சுக்கு.

— பேட்டி எடுத்த சுதீர் சார் ஒடிச்சுத்தானே பார்த்தார்? அஞ்சு வருஷம் கவுன்சிலரா இருந்தேளே, எட்டுத் தமிழ்க் குடும்பம் குடியிருந்த பழைய கட்டடம் ஆடி மழையில விழுந்து ஒருத்தர் செத்தாரே, உங்ககிட்ட முன்னாடியே பறஞ்சாளா இல்லையான்னு நாலு தடவை கேட்டார். மனுஷன் அசையலை. கட்டடம் மோசம்னு யாராவது பறஞ்சிருந்தா இப்பவே தேர்தல்லேருந்து விலகிக்கறேன்னுட்டார்.

— ஒருத்தர்னு சொல்லாத. பிச்சைன்னு சொல்லு. எம் புருசன். தூங்கிக்கிட்டு இருந்த மனுசன்.

— க்ஷமிக்கணும், அக்கா.

— அன்னையிலருந்து எம்மக மகா சிரிக்கல. பள்ளிக்கூடம் விட்டு நேரா இங்கதான் வருது. அந்த ஆள நான் பொய்யன்னு சொல்றத அது காதால கேக்கணும். அது போதும் எனக்கு.

— ஆனா, அக்கா...

— என்ன ஆனா? சித்திரையிலயே மனு குடுத்துட்டேன். சீல் குத்தி வாங்குனாக. அந்த மனுவத்தான இன்னைக்கு அவரே கையில வச்சு ஆட்டுனாரு? திரையில பெருசாக் காமிச்சாக. மலையாளம் எனக்குப் படிக்க ஓடாது, அடியில என் தமிழ்க் கையெழுத்து மட்டும் தெரிஞ்சுச்சு. அதுக்கு ஏன்ப்பா எல்லாரும் சிரிச்சாக?

— அதைக் கேக்கத்தான் வந்தேன். அதுல என்ன எழுதியிருக்குன்னு நெஜமாவே தெரியாதா?

— நான் சொன்னதுதான எழுதியிருக்கும்.

— தமிழ்ல சொல்றேன், கேளுங்கோ. ‘பழைய பதில் இத்துப்போச்சு. மழைக்கு முன்னாடி வேற பதில் வேணும். இல்லாட்டி எங்க தலையில விழும்.’ பதில் கேட்டா, பதில் அனுப்பிட்டேன்னார் அவர். அதுக்காக்கும் சிரிச்சா.

— பதிலா? நான் எங்கப்பா பதில் கேட்டேன்? உத்தரம்னேன்.

— அதேதான். அதுதான் எனக்கும் சித்த முன்னாடி தோணித்து.

— வீட்டுல நாங்க கட்டைன்னுதான் சொல்லுவோம். கட்டை ஆடுது, கட்டையில தூள் கொட்டுதுன்னு. ஆபீசுக்குப் போற கடுதாசி மட்டமா இருக்கக்கூடாதேன்னு நல்ல வார்த்தையாத் தேடி உத்தரம்னு சொன்னேன். எங்கப்பன் கொத்தனாரு. அவரு சொல்ற வார்த்தை. அதுக்கு முந்தி நான் அந்த வார்த்தைய வாயால சொன்னதே இல்ல.

— மலையாளத்துல உத்தரம்னா பதில், அக்கா. கூரையைத் தாங்கற கட்டைக்கும் அதே பேர் உண்டு, ஆனா பழைய ஆள்களுக்குத்தான் தெரியும். எழுதின ஆளுக்குத் தெரியலை. பதில்னு நெனச்சுண்டு, இன்னும் மரியாதையா இருக்கட்டும்னு ‘மறுபடி’ன்னு மாத்தி எழுதியிருக்கு. மறுபடின்னா பதில் மட்டும்தான். ஆபீஸ்ல ஒரு கடுதாசி அனுப்பி ஃபைலை மூடிட்டா.

— வந்துச்சு. ஒரு கடுதாசி வந்துச்சு. ‘மனு கெடச்சுது, பாக்குறாகளாம்’னு படிச்சு... அது கெடக்கட்டும்.

— அப்போ அவர் பொய் பறயலை.

— ம்.

— ஆனா இதை விடக்கூடாது. பதில் எங்கேயாவது தலையில விழுமோ? ஒருத்தன் யோசிச்சானா? நாளைக்கே போட்டுடலாம். ஒண்ணே ஒண்ணுதான் வேணும், எழுதின ஆள். அவாளை சுதீர் சார் முன்னாடி உக்கார வெச்சு, ஏன் இந்த ஒரு வார்த்தையை மாத்தினேள், ஒரு உயிர் போச்சேன்னு கேட்டா கேரளம் முழுக்கப் பார்க்கும். யாரு எழுதினது?

— பஜார்ல ஒருத்தரு.

— பேரு?

— வயசானவரு. செத்துட்டாரு.

— எழுத்தைப் பார்த்தா உருட்டி உருட்டி, பள்ளிக்கூடப் பிள்ளை எழுதின மாதிரின்னா இருக்கு? கோடு போட்ட நோட்டுத் தாள் வேற.

— செத்துட்டாருன்னு சொல்றேன்ல. அந்த அட்டையக் குடு. பத்துன்னு எழுது.

— பத்தா? யாருக்கு?

— ஹரிநாராயணனுக்கு.

— காரணம் கேப்பா, அக்கா.

— சொல்லுவேன். நான் பதில்தான் கேட்டேன், கட்டையப் பத்திப் பேசவே இல்ல, புருசன் போன துக்கத்துல அவர் மேல பழியப் போட்டுட்டேன்னு சொல்லுவேன். கண்ணத் தொடைக்காமச் சொல்லுவேன். உங்க சுதீரு நாலு தடவை இல்ல, நாப்பது தடவை கேட்டாலும் இதுதான். நான் பதறுறனான்னு நீ எனக்கு மார்க் போடு.

— எனக்கு ஒண்ணும் மனசிலாகலை. இவ்வளவு நேரம் பூஜ்யம், பூஜ்யம்னு...

— மனசிலாக வேண்டாம் தம்பி. அந்தக் காகிதத்த இனிமே திரையில காட்டாதீக. உத்தரத்துக்கு ரெண்டு அர்த்தம்னு நீ யாருகிட்டயும் வாயத் தொறக்காத. உன் கால்ல வேணாலும் விழுறேன்.

— ஐயோ, என்ன அக்கா இது? நான் யாருகிட்டே பறயப் போறேன்? சாயா வாங்கப் போனப்போ வாசல்ல நின்ன அந்த யூனிபார்ம் பெண்குட்டிகிட்ட பறஞ்சதோட சரி. அவதான் உங்க மகாவோ? திரையில மனுவைப் பார்த்துட்டு எங்கிட்ட ஓடி வந்து, ‘சேட்டா, உத்தரம்னா தமிழ்ல வேற அர்த்தம் உண்டோ’ன்னு கேட்டா. எனக்கே அப்பத்தான் புரிஞ்சுது. அண்ணாந்து பாருன்னு சொல்லி, விரலை நீட்டிக் காட்டினேன்.