விருந்தாளிக்குக் காட்டாத வீடு

பன்றிப்பல் காப்பு அணிந்த கையில் கோலைப் பற்றிக்கொண்டு, இவள் என்ன பேசி வைக்கப்போகிறாளோ என்று காலையிலிருந்தே கவலையோடு என்னைப் பார்த்துக்கொண்டிருக்கும் எங்கள் மரூவாத் தீவின் தலைவர், இக்கூட்டத்தின் தலைவர், பெருமதிப்பிற்குரிய கல்தாபாவ் அவர்களே;

ஜெபத்தை இன்று மட்டும் சுருக்கமாக முடித்து எங்களை வாழவைத்த போதகர் அவர்களே;

சுவா நகரத்திலிருந்து கடல் கடந்து வந்து, எங்கள் பூமாலையின் பாரத்தைப் பொறுமையோடு சுமந்து வீற்றிருக்கும் காடு காப்பு நிதியத்தின் அம்மையார், மாண்புமிகு மேரெசேய்னி அவர்களே;

துருவிய கிழங்கின் ஈரம் கையில் காயும் முன்னே ஓடிவந்து அமர்ந்திருக்கும் என் தாய்மார்களே; கவா குடிக்கும் நேரம் தள்ளிப்போகிறதே என்ற துயரத்தை முகத்தில் மறைக்கத் தெரியாத பெரியோர்களே;

கடைசி வரிசையில் நிற்கும் மரக் கம்பெனி நண்பரே, உமக்கும் வணக்கம். உம்முடைய சரக்குப் படகு பவழப்பாறைக்கு வெளியே காத்திருப்பது எல்லார் கண்ணிலும் படுகிறது.

இறுதியாக, அதோ, காட்டுப் பாதையின் வாயிலில், எங்கள் தந்தை தடையாகக் கட்டிய நமேலே ஓலைக்குப் பக்கத்தில் கைகட்டி நிற்கும் என் உடன்பிறப்பே, என் தம்பி கல்சோங்கே, உனக்கும் உன் அக்காள் லெய்மாராவின் வணக்கம்.

அன்புடையீர், என்னை வரவேற்புரை ஆற்றத்தான் அழைத்தார்கள். "லெய்மாரா, பூப் போல நாலு வார்த்த பேசிட்டு எறங்கிடும்மா" என்று தலைவர் நேற்றே சொல்லிவிட்டார். பூப் போலப் பேச எனக்கும் ஆசைதான். ஆனால் அந்தப் பன்றி கத்துவது உங்கள் காதில் விழுகிறதா? பாதையோரத்தில் கட்டிப்போட்டிருக்கிறானே என் தம்பி, அது எதற்கு என்று இந்த ஊரில் தெரியாதவர் எவர்?

ஓலையைக் கட்டியவர் எவரோ அவரே அவிழ்க்க வேண்டும். அவர் இல்லையென்றால் அவருடைய மூத்த மகன் அவிழ்க்க வேண்டும். அவிழ்க்கும் நாளில் ஒரு பன்றியை அடிக்க வேண்டும். இது நம் முறை. அந்த ஓலை தொங்கும் வரை உள்ளே ஒரு மரத்தையும் எவரும் தொடமாட்டார்கள். கம்பெனியாரும் தொடமாட்டார், ஓலையை மீறி வெட்டிய மரத்தை இந்தத் தீவில் ஒருவரும் தூக்கிக்கொடுக்கமாட்டோம் என்பது அவருக்குத் தெரியும். இன்னும் சற்று நேரத்தில் கடல் பொங்கி ஓதம் ஏறும். ஓதம் ஏறினால் படகு கரை சேரும். படகு கரை சேர்ந்தால் என் தம்பியின் கை ஓலைக்குப் போகும். கை ஓலைக்குப் போனால் மரம் அறுக்கும் வாள் காட்டுக்குள் போகும். இதற்கிடையில் நான் பூப் போல என்ன பேசுவது?

எந்தக் காடு அது? கரிக்கும் கடலுக்கு நடுவே நாம் குடிக்கும் நல்ல தண்ணீர் ஊறி வரும் காடு. இரண்டு ஆண்டுக்கு முன் புயல் வந்து தோட்டத்துக் கிழங்கெல்லாம் உப்பேறி அழுகியபோது, காட்டுவள்ளியைத் தோண்டியெடுத்து நாம் உயிர் பிழைத்த காடு. அன்று வீசியது காற்றா? கூற்றா? தேவாலயத்தின் கூரை தேங்காய் மட்டைபோலப் பறந்தது. பள்ளிக்கூடத்துக்கு ஓடினோம், அங்கே சுவர் சாய்ந்தது. பிறகு எங்கே ஓடினோம் பெருமக்களே? அந்தக் காட்டுக்குள் ஓடினோம். ஊரே ஒண்டிக்கொள்ள ஒற்றை ஆலமரம் இடம் கொடுத்தது. விழுதுக்கு விழுது கட்டிப்பிடித்துக்கொண்டு, பிள்ளைகளை நடுவில் போட்டுக்கொண்டு, வேரோடு வேராகக் கிடந்தோம்.

அந்த வேர்களுக்கு நடுவில்தான் என் தம்பி மனைவி லெய்தோங்கிக்கு வலி கண்டது. விளக்கில்லை, வெந்நீரில்லை, கத்தினாலும் காற்றில் கேட்கவில்லை. தாய்மார்கள் நாங்கள் பாயைப் பிடித்து மறைப்பாக நின்றோம். குழந்தை பிறந்ததும் என் தம்பி அழுதான். ஆமாம் தம்பி, அழுதாய்; இப்போது முகத்தைத் திருப்பிக்கொள்ளாதே. ஆலமரத்தின் பெயரையே அந்தப் பெண் குழந்தைக்கு வைத்தாய். நபாங்கா என்று நீ கூப்பிட்டபோது ஊரே சேர்ந்து கூப்பிட்டது.

அப்படிப்பட்டவன்தான் இன்று ஓலைக்குப் பக்கத்தில் நிற்கிறான். ஏன்?

என்ன சொல்கிறீர்கள் அங்கே, மாமா? உரக்கச் சொல்லுங்கள். "காட்டப் பாத்துக்கிட்டே இருந்தா கூர வந்துருமா"வா? நியாயமான கேள்வி. உட்காருங்கள், உங்கள் கேள்விக்குத்தான் வருகிறேன்.

இன்று காலை நானும் என் தம்பியிடம் சண்டைக்குப் போனேன். அப்பா கட்டிய ஓலையைத் தொடுவாயா என்று கேட்டேன், ஆலமரத்தை மறந்தாயா என்று கேட்டேன், வாய்க்கு வந்ததெல்லாம் கேட்டேன். அவன் திருப்பித் திட்டவில்லை. குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே ஒரே ஒரு கேள்வி கேட்டான்.

"அக்கா, அந்த மரம் ஒரு ராத்திரி காப்பாத்துச்சு. மத்த ராத்திரியெல்லாம் யாரு காப்பாத்துறது?"

சபையோரே, என் தோளிலும் கிடந்து அந்தக் குழந்தை இருமியிருக்கிறது, எனக்குத் தெரியும். கூரை இருந்த இடத்தில் தார்ப்பாய். தார்ப்பாய் கிழிந்த இடத்தில் மழை. மழை நனைத்த பாயில் நபாங்கா. கம்பெனிக்காரர் படகில் தகரக் கூரையைக் கொண்டுவந்திருக்கிறார். மரத்தை வெட்டவிட்டால் இன்றே இறக்குகிறேன் என்கிறார். பிள்ளை பெற்றவன் என்ன செய்வான்?

அவன் கேள்விக்குப் பதில் வைத்திருப்பவர் இந்த மேடையில் அமர்ந்திருக்கிறார். காட்டைக் காப்பவர்களுக்குப் புயல் தாங்கும் கூரையும் குடிநீர்த் தொட்டியும் போட்டுக் கொடுப்பதுதான் அம்மையாருடைய நிதியம். பிறகு ஏன் நமக்கு இதுவரை வரவில்லை? மறந்தார்களா? மறுத்தார்களா? நானும் அப்படித்தான் நினைத்து இவர்மேல் கோபமாக இருந்தேன். நேற்று ஊற்றடியில் இவர் முகம் கழுவ வந்தபோது, கேட்டேவிட்டேன். இவர் திகைத்துப்போய் என்னைப் பார்த்தார்.

"புயலுக்கப்புறம் நீங்க சீக்கிரமே எழுந்து நின்னுட்டீங்கன்னுல்ல நெனச்சோம்? போன தடவ வந்தப்ப ஊரே கல்யாண வீடு மாதிரி இருந்துச்சே. ஒங்களவிடக் கஷ்டப்படுறவங்களுக்கு மொதல்ல குடுத்தோம்."

கேட்டீர்களா? போன தடவை வந்தபோது என்ன நடந்தது என்று நான் சொல்லவா, நீங்கள் சொல்கிறீர்களா? தலைவரே, என்னை முறைக்காதீர்கள், சொல்லித்தான் ஆகவேண்டும். தலைக்கு மேல் போன பிறகு சாண் என்ன, முழம் என்ன?

வந்தவர் கண்ணில் வெறுமை படக்கூடாது என்பது நம் முறை. நல்ல முறை. ஆகவே, புயலுக்குத் தப்பிய நல்ல தகரங்களையெல்லாம் ஊர் முழுக்கத் தேடி ஒரே வீட்டின் மேல் அடித்தோம்; அந்த வீட்டில் விருந்தாளிகளைப் படுக்கவைத்தோம். தார்ப்பாய்களைச் சுருட்டித் தேவாலயத்துக்குப் பின்னால் ஒளித்தோம். இருமுகிற பிள்ளைகளைத் தீவின் மறுபக்கம் சின்னம்மா வீட்டுக்கு அனுப்பினோம். இனம் பெருக்க விட்டிருந்த பன்றியை அடித்தோம். அடுத்த நடவுக்கு வைத்திருந்த கிழங்கைத் துருவி, தேங்காய்ப்பால் ஊற்றி, இலையில் மடித்து லாப்லாப் சுட்டோம். அவர்கள் வயிறார உண்டார்கள், மனமார வாழ்த்தினார்கள், எழுந்து நின்ற ஊர் என்று எண்ணிப் போனார்கள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்கள்; நாம் முழு ஊரையே ஒரு விருந்தில் மறைத்தோம்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். எனக்கு நேற்று ஊற்றடியில் சிரிப்பு வரவில்லை, நெஞ்சு எரிந்தது. புயல் பறித்தது பாதி என்றால் நம் பெருமை பறித்தது மீதி.

தலைவரிடம் ஓடினேன். இந்த முறையாவது இருப்பதை இருக்கிறபடி காட்டுவோம் என்று கெஞ்சினேன். அவர் கோலைத் தரையில் ஊன்றி என்ன சொன்னார் தெரியுமா? "பசிச்ச வயித்த வந்தவங்க முன்னாடி தட்டிக் காட்டுறது நம்ம பரம்பரையிலயே கெடையாது. நான் உசுரோட இருக்கிற வரைக்கும் நடக்காது." அதோடு பேச்சு முடிந்தது. நேற்று மாலையே இந்த மேடை எழும்பிவிட்டது.

நல்ல மேடை. உயரமான மேடை. பூப்பின்னிய பாய் விரித்த மேடை. அம்மையாரே, இந்த மேடை உங்களுக்குப் பிடித்திருக்கிறதா? ஒரு மரம் வெட்டக்கூடாத ஊரில், ஒரு பலகை வாங்க வழியில்லாத ஊரில், ஒரே மாலைப்பொழுதில் இத்தனை பலகை எங்கிருந்து வந்தது என்று நீங்கள் கேட்கவே இல்லையே?

போதகர் ஐயா, கொஞ்சம் காலை எடுங்கள். தலைவரே, அடிப்பதானால் பிறகு அடியுங்கள், இப்போது பாயைத் தூக்கிவிட்டேன்.

பாருங்கள், அம்மையாரே. நீல வண்ணம் பூசிய இது, எங்கள் மருந்து அறையின் கதவு. பாதி கரையான் தின்ற இது, கணவனைக் கடலில் பறிகொடுத்த லெய்சாவ் வீட்டுக் கதவு. வீட்டுக்கு வீடு வாசற்படி என்று சொல்வார்கள். எங்கள் ஊரில் இன்று வீட்டுக்கு வீடு வாசற்படி மட்டும்தான் இருக்கிறது, கதவெல்லாம் உங்கள் காலடியில் கிடக்கிறது.

"லெய்மாரா, போதும்மா, எறங்கு" என்கிறார் தலைவர். இறங்குகிறேன் தலைவரே. இன்னும் ஒரே ஒரு கதவு.

நான் நிற்கும் இந்தக் கதவு. பிடி உடைந்த இடத்தில் கயிறு கட்டியிருக்கிறது. கீழே, முழங்கால் உயரத்தில், ஒரு குழந்தை அடுப்புக்கரியால் கிறுக்கியிருக்கிறது. தாய்மார்களே, இது யார் கிறுக்கல் என்று உங்களுக்குத் தெரியும். இது நபாங்கா வீட்டுக் கதவு.

காட்டைக் காக்க வந்தவர் உயரத்தில் உட்கார வேண்டும், உன் கதவைக் கொடு என்று ஊர் கேட்டபோது, காட்டை வெட்டினால்தான் பிழைப்பு என்று நிற்கிற என் தம்பி ஆணியைக் கழற்றினான், கதவைச் சுமந்துவந்து போட்டான், திரும்பிப் போய்த் திறந்த வாசலில் குழந்தையை அணைத்துக்கொண்டு படுத்தான். இவனையா நான் காலையில் ஓலையைத் தொடுபவன் என்று திட்டினேன்? இந்த முறைக்கு இவனைவிட உண்மையாக நடந்தவன் இந்தத் தீவில் எவன் இருக்கிறான்?

ஊதுகிறது. படகு ஊதுகிறது, கேட்டேன். ஓதம் ஏறிவிட்டது. தம்பி, உன் கை ஓலையில் இருப்பதையும் பார்த்துவிட்டேன்.

அவிழ்க்காதே என்று நான் சொல்லமாட்டேன். அந்த உரிமை உன்னுடையது, அப்பா உனக்கு விட்டுப்போனது. ஒன்றே ஒன்று கேட்கிறேன். முதலில் உன் வீட்டுக் கதவு வீட்டுக்குப் போகட்டும்.

மேரெசேய்னி அம்மையாரே, ஒரு விருந்தாளியிடம் எங்கள் ஊரில் எவரும் இதுவரை கேட்காததைக் கேட்கிறேன். இந்தக் கதவின் ஒரு முனையை நீங்கள் பிடியுங்கள், மறுமுனையை நான் பிடிக்கிறேன். இது எந்த வாசலுக்குப் போகிறதோ அந்த வாசல் வரைக்கும் வாருங்கள். தலையைத் தூக்கிக் கூரையைப் பாருங்கள். தலையைக் குனிந்து பாயைத் தொட்டுப் பாருங்கள். பிறகு அங்கிருந்தே உங்கள் ஆட்களைத் தொலைபேசியில் கூப்பிட்டு, என் தம்பியின் காது கேட்க ஒரு பதில் சொல்லுங்கள். காட்டைக் காக்கிறவன் பிள்ளைக்குக் கூரை எப்போது வரும்? ஆம் என்றாலும் இல்லை என்றாலும் அவன் வீட்டில் நின்று சொல்லுங்கள். இன்று விருந்து கிடையாது. நாங்கள் தின்கிற காட்டுவள்ளிதான், உப்பும் தண்ணீரும்தான். அதை வெட்கப்படாமல் தருகிறோம், நீங்களும் வெட்கப்படாமல் உண்ணுங்கள்.

எழுந்துவிட்டார். அம்மையார் எழுந்துவிட்டார். மாலையைக் கழற்றி நாற்காலியில் வைக்கிறார், கதவில் கை வைக்கிறார். பார்த்து, அம்மா, அந்தப் பக்கம் ஆணி இருக்கிறது.

கூட்டத்துக்குள் யார் அங்கே இடித்துக்கொண்டு வருவது? விடுங்கள், அவனை விடுங்கள். என் தம்பி வருகிறான். தாய்மார்களே, திரும்பிப் பாருங்கள், ஓலை கட்டிய இடத்திலேயே தொங்குகிறது.

வந்ததும் வராததுமாக என்ன சொல்கிறான் கேட்டீர்களா? "அக்கா, அந்த மொன கனம். நீ விடு, நான் புடிக்கிறேன்."

கம்பெனி நண்பரே, நீரும் பின்னால் வாரும், அந்தக் குழந்தையை நீரும் பாரும். அவரவர் கதவை அவரவர் எடுத்துக்கொள்ளுங்கள் பெருமக்களே. மருந்து அறைக் கதவை இளைஞர்கள் தூக்குங்கள். தலைவரே, உங்கள் நாற்காலிக்குக் கீழே இருப்பது உங்கள் வீட்டுக் கதவு. ஊருக்கு முன்னால் முதலில் கழற்றிப் போட்டவர் நீங்கள்தான். யாரிடமும் சொல்லாமல் மூன்று பேரப்பிள்ளைகளோடு நேற்று காற்றில் கிடந்ததும் நீங்கள்தான். உங்களை அவமானப்படுத்திவிட்டதாக நினைக்காதீர்கள். எழுந்திருங்கள், அதை நான் தூக்குகிறேன்.

செவி கொடுத்த சபைக்கு என் நன்றி, செவியில் அறையாமல் விட்ட தலைவருக்குத் தனி நன்றி. வந்தவர்க்கும் வாழ்பவர்க்கும், அந்த ஆலமரத்துக்கும் அதன் பெயர் சுமந்த குழந்தைக்கும் வணக்கம் கூறி விடைபெறுகிறேன். சற்று வழிவிடுங்கள், கதவு வருகிறது.