வழி விட்டது ஒரு குத்தமா

அநியாயம் நடந்தது எனக்கு. பல் டாக்டருக்கு இல்ல. இதை முதல்லயே சொல்லிடுறேன், ஏன்னா எங்க ரேஸ் குழுவுல நீ யார்கிட்ட கேட்டாலும் தலைகீழாத்தான் சொல்லுவாங்க. அவருக்கு மரியாதை குடுத்து ஒதுங்கி வழி விட்டவ நான். வந்து இடிச்சவர் அவர். தண்டனை யாருக்கு? எனக்கு. எங்கயாவது அடுக்குமா இது?

இல்ல இல்ல, நீ உன் வேலையைப் பாரு. நான் பக்கத்து ரூம்தான். கதவு திறந்திருந்துச்சு, நீ பெட்டியிலேர்ந்து ஸ்டீயரிங்கை எடுக்கிறது தெரிஞ்சுது, அதான் உள்ள வந்துட்டேன். ஆன்லைன் ரேஸ்தானே? புதுசா? அப்ப என் கதையைக் கேக்காம நீ அந்த ஒயரைச் சொருகவே கூடாது.

அந்த மேசையில மாட்டாதப்பா, அது ஆடும். போன வருஷம் நான் இந்த ரூம்லதான் இருந்தேன். ஒரு வளைவுல திருப்பினேன், மேசையும் என்னோட சேர்ந்து திரும்பிடுச்சு. சுவத்தோட ஒட்டிப் போடு. பெடலுக்குப் பின்னாடி கனமா ஏதாவது புத்தகம் வை, இல்லன்னா பிரேக் மிதிக்கிறப்ப கட்டிலுக்கு அடியில ஓடிடும், நீ காலால துழாவிட்டே சுவத்துல போய் மோதுவ. பொருளாதாரப் புத்தகம் வச்சிருக்கியா? அது போதும். இவ்வளவு நாளா அது எதுக்குன்னு எனக்கும் தெரியாம இருந்துச்சு.

எங்க விட்டேன்... ஆங், டாக்டர்.

எங்க குழுவுல ஞாயித்துக்கிழமை மத்தியானம் ரேஸ். அவங்கவங்க வீட்ல உக்காந்துதான் ஓட்டுவோம், திரையில எல்லாரும் ஒரே ரோட்ல இருப்போம். சொந்தப் பேரெல்லாம் யாரும் சொல்றதில்ல. பல் டாக்டர் நிஜமாவே பல் டாக்டர். பேக்கரி அக்கா நிஜமாவே பேக்கரி வச்சிருக்காங்க. நடுவர் வரி ஆபீஸ்ல இருக்கார், அதனால அவர் வரி ஆபீசர். என்னை எதிர்க்கட்சின்னு கூப்பிடுவாங்க. ஏன்னு எனக்குத் தெரியல. அந்தப் பேரை எதிர்த்து மூணு தடவை மனு குடுத்தும் மாத்தல.

பேக்கரி அக்காவும் நானும் ஒரே அணி. அணின்னா ரெண்டு கார். ரெண்டும் ஓடினாத்தான் கணக்கு. நான் இல்லன்னா அக்காவும் இல்ல. வர்ற ஞாயிறு கடைசி ரேஸ். வரி ஆபீசர் என்ன சொல்லிட்டார்னா, இன்னிக்குச் சாயங்காலத்துக்குள்ள டாக்டர் என் மேல குடுத்த புகாரை வாபஸ் வாங்கினா நான் ஓட்டலாமாம். இல்லன்னா வீட்டுக்குப் போன்னுட்டார். அதான் இந்த போனைக் கையிலயே வச்சிட்டு நிக்கிறேன். நீ பேசுறதைக் கவனிக்கலன்னு நினைச்சுக்காத. நீ எங்க பேசின.

சரி, நடந்ததைக் கேளு. போன ஞாயித்துக்கிழமை ரேஸ்ல டாக்டர் முதல்ல போயிட்டிருந்தார். நான் கடைசியில. கடைசின்னா கடைசி இல்ல, எனக்குப் பின்னாடி ஒரு பையன் நின்னுட்டிருந்தான், அவன் வீட்ல கரண்ட் போயிடுச்சு. டாக்டர் என்னை விட ஒரு முழுச் சுத்து முன்னாடி. அதாவது சுத்தி வந்து என் முதுகுக்குப் பின்னாடி வந்துட்டார். அந்த மாதிரி நேரத்துல திரையோட ஓரத்துல நீலக் கொடி காட்டும். பெரியவங்க வர்றாங்க, தடுக்காதன்னு அர்த்தம். நான் என்ன செஞ்சேன்? ஒதுங்கினேன். வளந்த விதம் அப்படி. எங்க வீட்ல மாடிப்படியில யாராவது இறங்கி வந்தா நாங்க சுவத்துக்குள்ளயே போயிடுவோம்.

நான் இடது பக்கம் ஒதுங்கினேன். அவரும் இடது பக்கம் வந்தார். அய்யோ பாவம்னு நான் வலது பக்கம் போனேன். அவரும் வலது பக்கம்.

சிரிக்காதப்பா. குளியலறைக்குப் போற நடையில வார்டன் எதிர்ல வந்தா உனக்கு நடக்காதா இது? நீ இந்தப் பக்கம், அவங்களும் இந்தப் பக்கம். நீ அந்தப் பக்கம், அவங்களும் அந்தப் பக்கம். ரெண்டு பேரும் அசடு வழிஞ்சிட்டுப் போவீங்க. யாராவது புகார் குடுக்கிறாங்களா? இங்கயும் அதேதான் நடந்துச்சு. என்ன, இருநூறு கிலோமீட்டர் வேகத்துல நடந்துச்சு.

விதி என்ன சொல்லுதுன்னு கேக்கிறியா? கேளு, நல்லாக் கேளு, வாதம்னா ஆதாரத்தோட இருக்கணும். 'நீலக் கொடி கண்டவர் தடுக்காமல் வழிவிட வேண்டும்.' முடிஞ்சுது. என் கேஸ் ஜெயிச்சாச்சு.

... ஆமா, அதுக்கு அப்புறம் இன்னொரு வாக்கியம் இருக்கு. 'தன் பாதையிலிருந்து திடீரென விலகக் கூடாது.' அதாவது நீ பாட்டுக்கு நேராப் போகணுமாம், தாண்டுறது அவர் பொறுப்பாம். நீ எங்க போவன்னு அவருக்குத் தெரிஞ்சா அவரே பாத்துத் தாண்டிப்பாராம். இது என்ன வழி விடுறது? வீட்டுக்கு வந்தவங்களை வாங்கன்னு சொல்லாம டிவி பாத்துட்டிருக்கிற மாதிரி இல்ல? இதைத்தான் வரி ஆபீசர்கிட்ட கேட்டேன். அவர், 'நீங்க டிவி பாருங்கம்மா, அவங்களே வந்து உக்காந்துப்பாங்க'ன்னார்.

அந்த ஸ்குரூவை இன்னும் கொஞ்சம் முறுக்கு. ம், போதும்.

உனக்கு ஒண்ணு சொல்றேன், புதுசா வர்றவங்க எல்லாரும் பண்ற தப்பு. முதல் வளைவுலயே ரேஸை ஜெயிக்கப் பாப்பாங்க. எல்லாரும் கூட்டமா நெருக்கிட்டு இருப்பாங்க, இவங்களுக்கு மட்டும் உள்பக்கம் ஒரு இடம் காலியாத் தெரியும். அது ஏன் காலியா இருக்குன்னு யோசிக்க மாட்டாங்க. சீக்கிரமே பிரேக் போடு, நாலு பேர் தாண்டட்டும், ஒண்ணும் குடி முழுகாது. புல்லுக்குள்ள போயிட்டியா, நின்னு, எல்லாரும் போனப்புறம் ரோட்டுக்கு வா. தோத்துட்டா பாதியில ஒயரைப் பிடுங்கிட்டு ஓடாத. யாரையும் திட்டணும்னா மைக்கை அணைச்சுட்டுத் திட்டு. நான் எதுலயும் குறை வைக்கல பாரு. மரியாதைன்னா என்னை மிஞ்ச ஆள் கிடையாது. அதுக்குத்தான் பிரேக்கே போட்டேன்.

எப்பன்னா... அப்பத்தான். வலது பக்கமும் அவரே வந்துட்டாரே, இனி எங்க ஒதுங்க? சரி, நின்னு அனுப்பி வச்சிடுவோம்னு ரோட்டுக்கு நடுவுல பிரேக் போட்டேன். வாங்க, போங்கங்கிற மாதிரி. அவர் வந்தார். என் பின்பக்கத்துல வந்தார். அப்படியே பறந்து போய் சுவத்துல உக்காந்துட்டார், முன் சக்கரம் ரெண்டும் தனியா உருண்டு போச்சு.

அப்படிப் பாக்காத. எனக்கும் கஷ்டமாத்தான் இருந்துச்சு. அவர் ஒரு தடவைகூட ஜெயிச்சதில்ல. ரெண்டு வருஷமா ஓட்டுறார், அன்னிக்குத்தான் முதல் தடவையா முன்னாடி போறார். அவர் வீட்டுக்காரம்மா, ரெண்டு பிள்ளைங்க, ஆஸ்பத்திரி நர்ஸ், எல்லாரும் பின்னாடி நாற்காலி போட்டு உக்காந்து பாத்துட்டிருந்தாங்களாம். இன்னும் ஒரே ஒரு சுத்துதான் பாக்கி. மைக்ல ஒரு குழந்தை 'அப்பா, சக்கரம் எங்கப்பா?'ன்னு கேட்டது எங்க எல்லாருக்கும் கேட்டுச்சு.

மனசு கேக்குமா சொல்லு. அதனாலதான் திரும்பிப் போனேன்.

மன்னிப்புக் கேக்க. வேற எதுக்கு?

ஆமா, காரைத் திருப்பிட்டு. ஆமா, எதிர்த்திசையில. வேற எப்படிப் போறது, அவர் பின்னாடி இருக்கார், நான் முன்னாடி இருக்கேன். ஒருத்தரை இடிச்சுட்டுத் திரும்பிப் பாக்காமப் போற ஜென்மம் இல்ல நான். ரோட்ல போறவங்க அப்படித்தான் போறாங்க, நாம திட்டறோமா இல்லையா? மைக்கையும் போட்டேன். 'ஸாரி டாக்டர், ஸாரி டாக்டர், இதோ வந்துட்டேன்'னு சொல்லிட்டே போனேன். அவர் 'வராதீங்க'ன்னார். பெருந்தன்மைக்குச் சொல்றார்னு நினைச்சேன். நாமளும் வீட்டுக்கு வர்றவங்க பழம் வாங்கிட்டு வந்தா, இதெல்லாம் எதுக்குன்னு சொல்றதில்லையா, அந்த மாதிரி.

அங்க ஒரு வளைவு. எதிர்ல யார் வர்றான்னு தெரியாது. வந்தது ஆறு பேர்.

எல்லாரும் என் மேலதான். ஒருத்தரும் ஒதுங்கல பாரு. வழி விடுறதைப் பத்தி எனக்குப் பாடம் எடுக்கிற கூட்டம் அது.

முதல்ல யார் வந்தான்னு கேக்கிறியா... அது இப்ப முக்கியமில்ல. சரி, பேக்கரி அக்கா. அக்காதான் முதல்ல. அஞ்சாவது இடத்துல போயிட்டிருந்தாங்க, அவங்க ஓட்டினதுலயே நல்ல ரேஸ் அதுதான். அடுப்பை உதவிக்கு இருக்கிற பொண்ணு பொறுப்புல விட்டுட்டு வந்து ஓட்டினாங்க. காரும் போச்சு, திரும்பிப் போய்ப் பாத்தா ஒரு தட்டு பிஸ்கட்டும் கருகிப் போச்சாம். அதுக்கும் நானா பொறுப்பு? அடுப்புக்கு எந்தக் கொடி காட்டுறது?

அக்கா என்னைத் திட்டல. திட்டியிருந்தா பதில் சொல்லியிருப்பேன், எனக்கும் ஆறியிருக்கும். ஒரே ஒரு வரி அனுப்பினாங்க. 'வாதாடாத. டாக்டருக்கு ஸாரி மட்டும் போடு.' அவ்வளவுதான். அப்புறம் பேசவே இல்ல. நான் காலையில வணக்கம் போட்டா கட்டைவிரலை மட்டும் காட்டுறாங்க.

போட்டேன், போடாம என்ன. ஸாரின்னு போட்டேன். அதுக்குக் கீழ, எந்தெந்த விதத்துல இது என் தப்பு இல்லன்னும் எழுதினேன். சுருக்கமாத்தான். அவர் ஏன் வலது பக்கம் வந்தார்னு ஒரு கேள்வி. காருக்கு முன்கண்ணாடி எதுக்கு இருக்குன்னு ஒரு கேள்வி. பல்லு பிடுங்கிறப்ப ஆடாம உக்காருங்கன்னு சொல்ற டாக்டருக்கு ரோட்ல மட்டும் ஏன் இவ்வளவு அவசரம்னு ஒரு கேள்வி. அது கொஞ்சம் கூடுதலாப் போச்சோன்னு ராத்திரி தோணுச்சு. காலையில அழிக்கலாம்னு பாத்தேன், அதுக்குள்ள படிச்சிட்டார்.

அக்காவுக்கு மட்டும் இந்தக் கடைசி ரேஸ் போகக் கூடாதுப்பா. எனக்குக்கூட பரவாயில்ல. நான் எப்படியும் கடைசியிலதான் வரப் போறேன், எங்கேர்ந்து பாத்தாலும் ஒரே காட்சிதான். அக்கா வாரம் முழுக்க மாவு பிசைஞ்சுட்டு ஞாயித்துக்கிழமைக்காகக் காத்திருக்கிற ஆளு. அவங்க ஓட்ட முடியாமப் போனா அது... சரி, அதை என் வாயால சொல்ல மாட்டேன். நீ வேணா சொல்லிக்கோ. நீயும் சொல்லாத.

எங்க கிளம்பிட்ட? தண்ணி பிடிக்கவா? இரு, பாட்டில் பாதி இருக்கே. உக்காரு. மிச்சம் ஒண்ணே ஒண்ணுதான். நீலக் கொடி வந்தா நீ ஒண்ணும் பண்ணாத. கையை ஆட்டாத, காலை எடுக்காத. நேராப் போ. இடிச்சுட்டேன்னு தெரிஞ்சா ரேஸ் முடியிற வரைக்கும் வாயைத் திறக்காத, முடிஞ்சப்புறம் ஒரு ஸாரி போடு, கீழ எதுவும் எழுதாத. நான் செஞ்சது தப்புன்னு சொல்லல. உனக்கு என் அளவுக்குப் பொறுமை இருக்காதேன்னு சொல்றேன்.

இரு... போன். வரி ஆபீசர்தான். பல் டாக்டர் பதில் போட்டிருக்காராம், அப்படியே அனுப்பியிருக்கார். நீ படி. வேணாம், குடு, நானே படிக்கிறேன்.

'புகாரைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். அந்தப் பெண் தாராளமாக ஓட்டட்டும். அவரிடம் ஒன்றே ஒன்று சொல்லிவிடுங்கள்: இனிமேல் எனக்கு எந்த மரியாதையும் கொடுக்க வேண்டாம்.'