நேர் முன்னால் வரும் பந்து

இப்போதெல்லாம் நான் வெறும் சுடுதண்ணீர்தான் குடிக்கிறேன். உங்களுக்குத் தேநீர் வேண்டுமென்றால் நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். விளையாட்டு அலுவலகத்திலிருந்து வருகிறவர்களை நான் நம்புவதில்லை. நாங்கள் சொல்வது ஒன்று, நீங்கள் எழுதுவது ஒன்று. குவான் யோங்ஹேக்குச் சிலை வைக்கிறீர்கள், அவனுடைய பயிற்சியாளன் நாலு வார்த்தை சொல்ல வேண்டும், அவ்வளவுதானே. சொல்கிறேன்.

எங்கள் எஃகு ஆலைக் கூடைப்பந்து அணி அதுவரை எந்தக் கோப்பையையும் தொட்டதில்லை. யோங்ஹே சோளக்காட்டிலிருந்து வந்தான். வளையத்துக்கு அடியில் நிறுத்தினால் போதும். குதிக்காமலே பந்தை உள்ளே போடுவான். பதினெட்டு தாண்டியும் வளர்ந்துகொண்டே இருந்தான்.

ஒருநாள் பயிற்சியில் பந்து அவன் காதில் போய் அடித்தது.

"டேய் ஒட்டகம், நின்னுகிட்டே தூங்குறியா?" என்றான் பந்தை வீசிய சக ஆட்டக்காரன் சுய் லே.

"பந்து வந்ததே தெரியலடா."

"அவ்வளவு உசரத்துல மேகம் மறைச்சிருக்கும்."

எல்லோரும் சிரித்தார்கள். யோங்ஹே என்னிடம் வந்தான். உறவில்லாவிட்டாலும் என்னைச் சித்தப்பா என்றுதான் கூப்பிடுவான். "சித்தப்பா, பக்கத்துல நிக்கிறவங்க தெரிய மாட்டேங்குறாங்க. தலை வேற பிளக்குது."

ஷென்யாங் நகரத்துப் பெரிய மருத்துவமனைக்குக் கூட்டிப்போனேன். அவனை வெளியே உட்காரவைத்துவிட்டு மருத்துவர் என்னிடம் சொன்னார். மண்டைக்குள் கட்டி. அவனை வளர்ப்பதும் அதுதான், பார்வையை ஓரத்திலிருந்து தின்பதும் அதுதான். உடனே எடுத்தால் கண் மிஞ்சும், ஆனால் ஒரு வருடமாவது ஆடக் கூடாது. வீட்டாரிடம் சொல்லிவிட்டுக் கூட்டிவருகிறேன் என்றேன்.

தேசியப் போட்டி அந்த இலையுதிர் காலத்தில் இருந்தது.

"என்ன சொன்னாரு சித்தப்பா?"

"உன் மண்டை பெருசாம், அதனால வலியும் பெருசாம். நல்லாத் தின்னுட்டுத் தூங்கச் சொன்னாரு."

"அவ்வளவுதானா. நான் பயந்தே போயிட்டேன்."

வழியெல்லாம் சிரித்துக்கொண்டு வந்தான்.

நான் படிக்காதவன், ஆனால் யோசிக்கத் தெரியும். ஓரம் தெரியாதவனுக்கு நேர் முன்னால் பந்து கொடுத்தால் போயிற்று. பக்கவாட்டில் யாரும் வீசக் கூடாது. அவன் நெஞ்சுக்கு நேரே வந்து, பெயர் சொல்லி வீச வேண்டும் என்று விதி போட்டேன். ஏன் என்று சுய் லே கேட்டான். அவனை அணியிலிருந்து அனுப்பினேன். பிறகு யாரும் கேட்கவில்லை.

வென்றோம். அடுத்த வருடமும் வென்றோம். பதக்கத்தோடு அதிகாரி பக்கவாட்டில் வந்தபோது யோங்ஹே அசையாமல் நின்றான். நான் அவன் தாடையைப் பிடித்து மெல்லத் திருப்பிவிட்டேன். அப்பனும் மகனும் போல என்று பத்திரிகையில் அந்தப் படத்தைப் போட்டார்கள். இன்றைக்கு மாகாணம் முழுக்க, கண் நன்றாக இருக்கிற பிள்ளைகளுக்கும் அப்படித்தான் பந்து கொடுக்கச் சொல்லித்தருகிறார்கள். அந்த வீச்சுக்கு அவன் பெயரையே வைத்திருக்கிறார்கள்.

மூன்றாவது வருடம் நேர் முன்னால் இருப்பதும் அவனுக்குத் தெரியாமல் போயிற்று. அப்போதுதான் மறுபடி ஷென்யாங் போனோம். கட்டியை எடுத்தார்கள், கண் வரவில்லை. ஏன் இவ்வளவு தாமதம் என்று புதிதாக வந்திருந்த மருத்துவர் கேட்டார். பையன் எதுவும் சொல்லவே இல்லை என்றேன். யோங்ஹே படுக்கையில் கேட்டுக்கொண்டிருந்தான்.

"ஆமா டாக்டர், நான்தான் சொல்லல," என்றான்.

எழுதிக்கொள்ளுங்கள். அவன் கண்ணை எடுத்தது நான். தெரிந்தேதான் செய்தேன். பிறகு சாகும்வரை என் வீட்டிலேயே வைத்து ஊட்டினேன், குளிப்பாட்டினேன். ஒருதடவைகூட என்னைக் குறை சொன்னதில்லை. அவன் அப்பாவும் அம்மாவும் கூட்டிப்போக வந்தார்கள், வாசலில் அழுதார்கள். நான் அனுப்பவில்லை. கண்ணில்லாத பிள்ளையை எப்படிப் பார்த்துக்கொள்வது என்று அவர்களுக்கு என்ன தெரியும்.