ஞாயிற்றுக்கிழமை பூட்ஸ்

— கழட்டித்தான் ஆகணும் பெரியவரே. போப்பாண்டவரே மலையேறி வந்தாலும் என் குடிலுக்குள்ள துணிச்செருப்பு மாத்தாம விட மாட்டேன். அந்தக் கூடையில கிடக்கு, உங்க அளவைப் பாத்து எடுத்துக்குங்க.

— நான் இப்பிடியே வெளிய பெஞ்சுல உக்காந்துக்கிறேன்மா. காத்து நல்லாத்தான் இருக்கு.

— காத்தா? உங்களுக்குப் பல்லு தந்தியடிக்குது சாமி. உள்ள புளிச்ச கோஸ் சூப்பு கொதிச்சிட்டு இருக்கு. அதென்ன, பூட்ஸைச் சுத்திக் கம்பியா?

— ஊத்துப் பக்கம் ஒரு வேலி விழுந்து கிடந்துச்சு.

— அது எங்க வேலியாச்சே! பசு ஓடிப் போச்சுன்னா இனி உங்க வீட்டு வாசல்லதான் வந்து நிப்பேன். காலைத் தூக்குங்க பாப்போம். அடக் கடவுளே, பூட்ஸோட அடித்தோலு எங்கே?

— ஒண்ணு ஊத்துகிட்டயே உதிந்து போச்சு. இன்னொண்ணு கம்பி கட்டியும் நிக்கல, இதோ, பையில வச்சிருக்கேன். இந்த பாரு, கையில எடுத்தா பொடிப்பொடியாப் போகுது. எல்லாம் இந்த பூட்ஸ் கம்பெனி, ப்ரெலாஸ்காரன் பண்ற அயோக்கியத்தனம். ஒரு காலத்துல ப்ரெலாஸ்னா கண்ணை மூடிட்டு வாங்குவாங்க. எவனோ வந்து கம்பெனியை வாங்கினான், பேரு மட்டும்தான் மிச்சம்.

— சரியாப் போச்சு போங்க. ஞாயித்துக்கிழமை ஆனா இந்த பெஞ்சுல உக்காந்து ப்ரெலாஸ் நல்லதா கெட்டதான்னு சண்டை போடாத ஆளே கிடையாது. போன வாரம் ரெண்டு வக்கீலுங்க இதுக்காகவே பேச்சை நிறுத்திட்டு ஆளுக்கொரு பாதையில இறங்கிப் போனாங்க.

— நீ என்ன சொல்றே? உன் பேரு தோன்ச்காதானே? வாசப் பலகையில பாத்தேன்.

— தோன்ச்காதான். புது ப்ரெலாஸ் சுமார். மழை வந்தா உள்ள ஈரம் வரும், கொக்கி கழண்டுக்கும், ஆனா குப்பைன்னு சொல்ல மாட்டேன். உங்க காலுல இருக்கிறது புதுசு இல்லையே. இது கிராஞ்சு ஊர்ல பழைய கம்பெனி ஓடின காலத்துது. இந்தத் தையலைப் பாத்தாலே தெரியும்.

— பழசோ புதுசோ, அடி கழண்டுச்சுல்ல? மோசம்னு ஒத்துக்கோயேன்.

— கோவிச்சுக்காதீங்க, ஒண்ணு கேக்கிறேன். கடைசியா இதை எப்பப் போட்டீங்க?

— எப்பவா? வாராவாரம் போடுறேன். வாராவாரம் இங்கதான் வர்றேன்.

— இங்கயா?

— இங்கதான்.

— இந்தக் குடிலை நான் எடுத்து நடத்த ஆரம்பிச்சப்ப என் மக பள்ளிக்கூடம் போயிட்டிருந்தா. இப்ப அவளுக்கே பொண்ணு பொறந்தாச்சு. வாராவாரம் வர்ற நாயோட பேருகூட எனக்குத் தெரியும். உங்க மூஞ்சியை இன்னிக்குத்தான் சாமி பாக்கிறேன்.

— கொஞ்சம் மெதுவாப் பேசும்மா. ஆளுங்க திரும்பிப் பாக்கிறாங்க.

— அவங்க சீட்டு விளையாட்டுல இருக்காங்க, இடி விழுந்தாலும் கேக்காது. இந்தாங்க டீ. கொஞ்சம் ரம் ஊத்தியிருக்கேன், குடிங்க. ஒவ்வொரு வருஷமும் பனி கரைஞ்சதும் உங்களை மாதிரி நாலஞ்சு பேர் வருவாங்க. நல்ல பூட்ஸ், விலை உசந்த பூட்ஸ், நல்ல நாளுக்குன்னு டப்பாவுல போட்டு வச்சிருப்பாங்க. அந்த அடிக்கு ஒரு குணம் உண்டு. நடந்துக்கிட்டே இருந்தா கெட்டியா இருக்கும், சும்மா வச்சா தானா உதிந்துடும். வெளியில பாத்தா புதுசு மாதிரியே இருக்கும், ஏறி நின்னா மாவாப் போகும். இது கம்பெனியோட தப்பு இல்ல பெரியவரே. இது நடக்காத பூட்ஸ்.

— இதை என் பையன் முன்னாடி சொல்லிடாத.

— பையனா?

— அலெஷ். லுப்லியானாவுல இருக்கான். இன்னும் கொஞ்ச நேரத்துல இங்க வருவான். பொண்டாட்டி உர்ஷ்கா, பேரப்பிள்ளைங்க ரெண்டு, எல்லாரும். இந்த பாரு தோன்ச்கா, அவன் என்னை முதியோர் இல்லத்துல சேக்கணும்னு நிக்கிறான். குளிர்காலத்துலயே பேரைக் குடுத்து வச்சுட்டான். நான் சொன்னேன், டேய், வாராவாரம் கூட்டாளிகளோட மலையேறுற மனுஷனைக் கொண்டுபோய் அங்க வச்சு என்னடா பண்ணப் போறேன்னு. சரி, அப்ப நீங்க போற குடிலுக்கே நாங்களும் வர்றோம், பாக்கலாம்னான்.

— கூட்டாளிங்க எங்க?

— ஒருத்தன் கல்லறையில, ஒருத்தன் மக வீட்டுல. இன்னொருத்தனுக்கு என் பேரே ஞாபகம் இல்ல.

— ஞாயித்துக்கிழமை என்னதான் பண்ணுவீங்க?

— சமையக்கட்டுல உக்காந்திருப்பேன். ரேடியோவுல பூசை முடியும், அணைச்சுடுவேன். அப்புறம் சாயங்காலம் அவன் போன் வரைக்கும் ஒண்ணும் இல்ல. போன் வர்ற நேரத்துக்கு முன்னாடி மாடிப்படியில ரெண்டு தடவை ஏறி இறங்குவேன்.

— எதுக்கு?

— மூச்சு வாங்கணும்ல? இப்பத்தான் மலையிலேர்ந்து வந்தேன்னு சொல்லணும்ல?

— ஐயோ சாமி.

— சிரிக்காத.

— நான் சிரிக்கல.

— என் சம்சாரம் ஸ்லாவ்கா இருந்தப்ப நிஜமாவே போனோம். அவ என்னைவிட வேகமா ஏறுவா. மேல போய் நின்னுக்கிட்டு, என்ன வின்கோ, உங்களை ஆடு முந்திடுச்சேன்னு கேலி பண்ணுவா. அவ போனதுக்கு அப்புறம் ஒரு நாள் பூட்ஸை எடுத்து வாசல் வரைக்கும் போனேன். யாருகிட்ட போயிட்டு வர்றேன்னு சொல்றதுன்னு தெரியல. திரும்பி வந்து டப்பாவுல வச்சுட்டேன்.

— பையன் வீட்டுக்கே போயிடலாமே?

— கூப்பிட்டா போக மாட்டேனா? எங்க வீட்டுக்கு வந்து இருங்கப்பான்னு ஒரு வார்த்தை சொல்லல. நேரா இல்லத்துக்குத்தான் பேரைக் குடுத்தான். எனக்கு அதுதான்மா வலிக்குது. மத்தது எதுவும் இல்ல.

— சூப்பைக் குடிங்க, ஆறிடும்.

— எனக்காக ஒரே ஒரு பொய் சொல்லு. நான் வாராவாரம் வர்றவன், ப்ரெலாஸ் கெட்டுப் போச்சு. இவ்வளவுதான். இந்த அடி நல்ல அடின்னு அவனுக்குத் தெரிஞ்சா நான் போட்ட வேஷம் எல்லாம் கலைஞ்சுடும்.

— பொய்க்கென்ன, சூப்புல கறி இருக்குன்னு தினமும் சொல்றவதானே நான். சொல்லிட்டாப் போச்சு. அதோ பாருங்க, திருப்பத்துல ஒரு ஆள் நொண்டிக்கிட்டே வர்றான். அவனா?

— அவன்தான். அவனேதான். இளைச்சுப் போயிட்டானே. பிள்ளைங்க பின்னாடி வர்றாங்களா? உனக்குத் தெரியுதா?

— அவன் மட்டும்தான் தெரியுறான்.

— அப்பா!

— வாடா அலெஷ், வா. உர்ஷ்கா எங்க? தீம் எங்க? லானாவை யாரு தூக்கிட்டு வர்றா?

— அது வந்துப்பா, தீமுக்குக் காய்ச்சல். உர்ஷ்கா கூட இருக்கா.

— லானா?

— அவளுக்கும்தான். ரெண்டு பேருக்கும். விடுங்கப்பா, அடுத்த தடவை கூட்டிட்டு வர்றேன்.

— அடுத்த தடவைன்னே சொல்லு. இலை உதிரும்போதும் இதைத்தான் சொன்னே. அவங்களுக்குன்னு ஆப்பிள் ரொட்டி சுட்டுக் கொண்டாந்தேன். பரவால்ல, நீ சாப்பிடு.

— வாங்க தம்பி. நான்தான் இந்தக் குடிலைப் பாத்துக்கிறவ. உங்கப்பா வராட்டி எனக்கு ஞாயித்துக்கிழமையே கிடையாது. வருவார், இதே பெஞ்சு, இதே சூப்பு, இதே புலம்பல். பூட்ஸைக் கழட்டிட்டு உள்ள வாங்க.

— ரொம்ப நன்றிக்கா. வாராவாரம் போன்ல சொல்வார். நான் இங்க வெளியவே உக்காந்துக்கிறேனே.

— இன்னிக்கு எல்லாருக்கும் காத்து வாங்குற ஆசை வந்துடுச்சு போல!

— இல்லக்கா, கால் அழுக்கு. அப்பா, உங்க பூட்ஸுல என்ன, கம்பி சுத்தியிருக்கு?

— அதை ஏன் கேக்கிறே. ப்ரெலாஸ்டா. பாதி வழியில அடி போயிடுச்சு. கெட்டுப் போச்சு கம்பெனி.

— அப்பிடிச் சொல்லுங்க! அதேதான்பா! இந்தா பாருங்க, என்னுதும் போச்சு. காட்டுக்குள்ள ரெண்டும் கழண்டு, துண்டைக் கிழிச்சுக் கட்டிட்டு வர்றேன். உங்ககிட்ட எப்பிடிச் சொல்றதுன்னு இருந்தேன். குப்பைப்பா, சுத்தக் குப்பை.

— உன்னுதுமா?

— வாராவாரம் போட்டு நடக்கிற பூட்ஸு இப்பிடியா உதிரும்? பசையே சரியில்ல. ஒட்டினவங்க ஏனோதானோன்னு ஒட்டியிருக்காங்க.

— யாரு ஒட்டினவங்க?

— அந்தக் கம்பெனி ஆளுங்கதான். சம்பளத்துக்கு மாரடிச்சிருக்காங்க.

— அந்த ஜோடியை ஒட்டினது யாருடா?

— பெரியவரே, விடுங்க. தம்பிக்குச் சூப்பு எடுத்துட்டு வர்றேன்.

— நீ இரு தோன்ச்கா. டேய், கிராஞ்சு கம்பெனியை மூடுறதுக்கு முன்னாடி, அங்க வேலை பாத்த உங்கம்மா ரெண்டு ஜோடி கொண்டாந்தா. உனக்கொண்ணு, எனக்கொண்ணு. அவளே அச்சுல வச்சு அவளே அடி ஒட்டினது. கையில கொப்புளம் இருந்துச்சு, நான்தான் களிம்பு போட்டேன். ஏனோதானோவா?

— நான் அம்மாவைச் சொல்லலப்பா.

— அவளைத்தான் சொன்னே. நானும் காலையிலேர்ந்து இவகிட்ட அதைத்தான் சொல்லிட்டு இருக்கேன், வெக்கமில்லாம. போதும். அந்த அடிக்கு ஒரு குறையும் இல்ல. நடந்திருந்தா இன்னும் பேரன் காலம் வரைக்கும் வந்திருக்கும். நான் நடக்கல அலெஷ். உங்கம்மா போனதுலேர்ந்து ஒரு வாரம்கூட மலைக்கு வரல. இந்தப் பொம்பளை என்னை இன்னிக்குத்தான் பாக்கிறா. பாவம், எனக்காகப் பொய் சொன்னா.

— அப்பா...

— என்னை இல்லத்துல சேக்கணும்னா சேத்துடு. நாளைக்கே வர்றேன். வீட்டுல தனியா உக்காந்து உக்காந்து எனக்கும் அலுத்துப் போச்சு. ஆனா அவ ஒட்டினது சரியில்லன்னு மட்டும் என் முன்னாடி சொல்லாத. அதை என்னால கேக்க முடியாது.

— தப்புதான்பா. மன்னிச்சுடுங்க.

— தம்பி, அழாதீங்க. இந்தாங்க, இந்த டீயைக் குடிங்க. நான் உள்ள போறேன், நீங்க பேசுங்க.

— இரும்மா, ஒரு நிமிஷம். டப்பாவுல கிடந்தாத்தான் இந்த அடி உதிரும்னு நீதானே சொன்னே?

— ஆமா. நடக்கிற பூட்ஸுல நான் பாத்ததே இல்ல.

— அப்ப உன்னுது எப்பிடிடா உதிந்துச்சு? நீங்க நாலு பேரும் வாராவாரம் மலைக்குப் போறோம்னு சொல்வியே. போன வாரம்கூட பொஹிஞ்சுல ஏரிக்கரையில நடந்தோம்னு சொன்னியே.

— அது வந்துப்பா...

— என்னைப் பாத்துச் சொல்லு. உர்ஷ்கா எங்க?

— மரிபோர்ல. அவங்கம்மா வீட்டுல. இலையுதிர் காலத்துலயே போயிட்டா. பிள்ளைங்களையும் கூட்டிட்டுப் போயிட்டா. மாசத்துக்கு ஒரு தடவை நான் போய்ப் பாத்துட்டு வர்றேன்.

— வீடு?

— காலி பண்ணிட்டேன். ஒரு ரூம் எடுத்து இருக்கேன். ஒரு கட்டில் போட்டா நடக்க இடம் இருக்காது. உங்களை எங்கூட வந்து இருங்கன்னு எப்பிடிக் கூப்பிடுவேன்? நீங்களாவது நாலு பேர் இருக்கிற இடத்துல இருக்கணும்னுதான்பா அங்க பேரைக் குடுத்தேன்.

— என்கிட்ட ஏன்டா சொல்லல?

— நீங்க மலையிலேர்ந்து சந்தோஷமா மூச்சு வாங்கிட்டு வந்து பேசுவீங்க. அந்த நேரத்துல இதை எப்பிடிச் சொல்றது?

— இல்ல, நீ மறைக்கிறே. உர்ஷ்கா கோவத்துல போயிருப்பா, வந்துடுவா. பிள்ளைங்க உன்கூடத்தான் இருக்காங்க, எனக்குத் தெரியும். வாராவாரம் நீ போன் பண்ணும்போது பின்னாடி ரெண்டும் கத்திக்கிட்டுக் கிடக்குமே. சிரிக்கும், அடிச்சுக்கும், எதையாவது உருட்டும். அந்தச் சத்தத்தைக் கேக்கத்தான்டா நான் ஏழு நாளும் காத்துக் கிடக்கிறேன்.

— அது டிவிப்பா.