முனியப்பன் கோயில் முன்னால் பன்னிரண்டு நிமிடம்

— அந்தக் கையெழுத்த மட்டும் போட்டுருங்க, தலைவரம்மா. நாலு மணிக்குள்ள பத்திர ஆபீசுக்குப் போயாகோணும்.

— சித்த உக்காருங்க அருணகிரியண்ணா. ஃபேனுக்கு அடியில வாங்க. இந்த வெயில்ல வந்திருக்கீங்க. டீ சொல்லட்டுங்களா?

— டீ வேண்டாமுங்க. இந்தப் பேரூராட்சி ஆபீசுப் படிய மிதிச்சு மூணு வருசமாச்சு. வாசல்ல உங்க கிளார்க்கு அன்பரசு என்னப் பாத்ததும் மூஞ்சியத் திருப்பிக்கிட்டான். முந்தி வியாபாரிகள் சங்கத் தலைவரா நான் உள்ள வந்தா எந்திரிச்சு நிப்பான்.

— அவன உடுங்க. இதைக் கேளுங்க. ஆஸ்பத்திரிக்கு நீங்க தானமா எழுதிக் குடுக்கறது முப்பத்தஞ்சு சென்ட்டு. அதுவும் மெயின் ரோட்டு மேல, உங்க பட்டறை வாசலு. லாரிக்குப் பாடி கட்டற பட்டறைக்கு வாசலே இல்லைன்னா வண்டிய எந்தப் பக்கம் உள்ள ஓட்டுவீங்க?

— பின்னால தோட்டத்து வழி ஒண்ணு இருக்குதுங்க. லாரி நொழையாது. நொழையாட்டிப் போகுது.

— அப்பப் பட்டறைய மூடறீங்க.

— மூடறதுதானுங்க. பாருங்க, நாப்பது பேரு வேலை செஞ்ச எடத்துல இப்ப ஆறு பேரு இருக்கறாங்க. அந்த ஆறு பேருக்கும் சேந்தமங்கலத்துல ஒரு பட்டறையில சொல்லி வெச்சுட்டேன். அடுத்த மாசம் போயிருவாங்க. வெல்டிங் சத்தம் நின்னா ஆஸ்பத்திரிக்கு வாரவங்களுக்கும் நல்லதுதான்.

— இவ்வளவு வேண்டாமுங்கண்ணா. ஏரிக்கரைப் பக்கம் பொறம்போக்கு இருக்குது. அதக் காட்டிக்கறேன்.

— அந்த எடத்துக்கு ஆறடிப் பாதை. அதத்தான் போன மாசம் வேண்டாம்னு எழுதி அனுப்பிட்டாங்களே. வெள்ளிக்கிழமைக்குள்ள ரோட்டு மேல எடத்தக் காட்டலைன்னா அவசரச் சிகிச்சைப் பிரிவு வேற ஊருக்குப் போயிரும்னு கலெக்டர் ஆபீசுல சொல்லிட்டாங்கன்னு நீங்கதானே வார்டு கூட்டத்துல பேசுனீங்க. பேப்பர்லயே வந்துச்சு. அதப் படிச்சுட்டுத்தான் பத்திரம் எழுதச் சொன்னேன்.

— பேசுனேன். இன்னிக்குப் புதன்தான.

— புதன்தானுங்க. இன்னும் எத்தன நாளு இருக்குது? பாருங்க, நம்மூரு முந்தி நாலு பட்டறை, ரெண்டு டீக்கடை. இப்ப முட்டை லாரி, தீவன லாரி, காலேஜு பஸ்ஸு, போர் போடற ரிக்கு வண்டி. அன்னிக்கு ரெண்டு பக்கமும் எங்க பட்டறை வண்டிக வேற நின்னுது. ரோடு மட்டும் அதே இருபதடி. நெஞ்சு வலிச்சா சேந்தமங்கலத்துல இருந்து 108 வரோணும். ஏத்திக்கிட்டு இந்த நெரிசலுக்குள்ள பூந்து நாமக்கல்லு போய்ச் சேரோணும். உள்ளூருலயே ஒரு டாக்டரும் ஒரு ஆக்சிசன் சிலிண்டரும் இருந்திருந்தா உங்க ஊட்டுக்காரன் சின்னுசாமி இன்னிக்கு அந்தச் சேர்ல உக்காந்து, நீங்க வேலை முடிச்சு வாரதுக்காகக் காத்திருப்பான்.

— அவரு பேர எடுக்காதீங்கண்ணா.

— எடுக்காம எப்படிங்க? பத்திரத்துலயே எழுதியிருக்குது. மூணாவது பக்கம் பாருங்க. கட்டடத்துக்கு சின்னுசாமி பேரு வெக்கோணும். அது ஒண்ணுதான் நான் போட்ட நிபந்தனை. என்ற பேரு எந்தச் செவுத்துலயும் இருக்கக் கூடாது.

— தீர்மானம் போடோணுமுங்களே. கவுன்சிலருங்களக் கூப்புட்டு...

— போன வாரமே போட்டுட்டீங்க.

— சீல் அன்பரசுகிட்ட இருக்குது. அவன் இப்பத்தான் வெளிய போனான்.

— உங்க கைக்குப் பக்கத்துலதானுங்க இருக்குது, அந்தப் பச்ச டப்பாவுல. அம்மிணி, உங்களுக்கு என்ற மேல இன்னும் ஆத்திரம் இருக்குதுன்னு தெரியும். இருக்கோணும். தாலி போனது உங்களுக்கு. நான் மன்னிப்புக் கேக்க வரல. கேட்டாலும் குடுக்க முடியாதுன்னு தெரியும். ஆனா என்ற மண்ண வாங்க மாட்டேன்னு மட்டும் சொல்லிப்போடாதீங்க. அது உங்களுக்குக் குடுக்கறதில்லை. அடுத்து நெஞ்சப் புடிச்சுக்கிட்டு வரப்போறவனுக்குக் குடுக்கறது.

— உங்க மேல எனக்கு ஆத்திரம் இல்லீங்கண்ணா.

— இல்லாம எப்படி? ஊரே சொல்லுது. பள்ளிக்கூடத்துப் புள்ளைக கூட என்ன ‘கைகாட்டி’ன்னுதான் கூப்புடுதுக. சௌந்திரம் ரேசன் கடைக்குப் போறத நிறுத்திட்டா. வரிசையில நின்னா முன்னால இருக்கறவ திரும்பிப் பாத்துட்டு சாடையா எதையோ பேசறாளாம். அதுக்கு மேல என்ற பொண்டாட்டி எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு நிப்பா?

— அக்காகிட்ட நான் வந்து பேசறேன்.

— வேண்டாமுங்க. மூணு வருசத்துல நீங்க ஒரு நாளும் எங்கூட்டுப் பக்கம் வரல. அது நாயந்தான். பாருங்க, அன்னிக்கு நடந்தத நான் ஆருகிட்டயும் முழுசாச் சொன்னதில்லை. உங்ககிட்ட மட்டும் சொல்லிப்போட்டுப் போயிடறேன். கேப்பீங்களா?

— சொல்லுங்க.

— நம்மூரு வழக்கம் உங்களுக்குத் தெரியாததா. பாடி கட்டி முடிச்ச வண்டி மொதமொதல்ல வெளிய வந்தா முனியப்பன் கோயில் முன்னால ரோட்டுக்குக் குறுக்க நிக்கோணும். நாலு டயருக்கும் எலுமிச்சம்பழம். பூசணிக்கா சுத்தி ஒடைக்கோணும். பழம் நசுங்கற வரைக்கும் ஆரும் குறுக்க போகப்படாது. போனா வண்டிக்கும் ஆகாது, போறவனுக்கும் ஆகாது. பஸ்ஸுக்காரனே எஞ்சின நிறுத்திப்போட்டு எறங்கிக் கும்புடுவான்.

— தெரியுமுங்க. நாங்க மொத லாரி எடுத்தப்ப நீங்கதான் கற்பூரம் பத்த வெச்சீங்க. இவரு எலுமிச்சம்பழத்த வெச்சுட்டு, டயருக்கு அடியில இருந்து கைய எடுக்காம கும்புட்டுக்கிட்டே இருந்தாரு. நீங்கதான் ‘டேய், கைய எட்றா’ன்னு வெய்தீங்க.

— ஆமாங்க. அத நெனச்சா இப்பவும் சிரிப்பு வருது. செரி. அன்னிக்கு வண்டி வாங்குனவரு எருமப்பட்டிக்காரரு. மச்சான் வந்துதான் பூசணிக்கா ஒடைக்கோணும்னாரு. மச்சான் வரல. காத்து வேற. கற்பூரம் ரெண்டு தடவ அணைஞ்சு போச்சு. உறுமி மேளம் அடிக்குது. அப்பத்தான் தூரத்துல சைரன் கேட்டுது. நான் டிரைவர்கிட்ட, வண்டிய ஒதுக்குப்பா, பூசைய அப்பறம் பாத்துக்கலாம்னு சொல்லிட்டேன். அவன் சாவியத் திருகப் போறான். அப்ப சைரன் நின்னுபோச்சு.

— நின்னுபோச்சு.

— ஆமாங்க. நின்னதும் நான் என்ன நெனச்சேன்னா, நோயாளி இல்லாத காலி வண்டி, வழி கேக்கத்தான் அடிச்சான், பூசையப் பாத்துட்டு நிறுத்திக்கிட்டான்னு. செவப்பு லைட்டு மட்டும் சுத்துது. கையத் தூக்கி, சித்த இருப்பான்னு காட்டுனேன். அந்தக் கைதான் கூட்டத்துல ஒருத்தனோட செல்லுல வீடியோவா விழுந்துருச்சு. அதுல மேளச் சத்தந்தான் கேக்குது. சைரன் அடிச்சதும் தெரியல, நின்னதும் தெரியல.

— இத ஏனுங்கண்ணா இத்தன நாளாச் சொல்லல? சங்கத்துல உங்கள நீக்குனாங்களே, அன்னிக்காவது சொல்லியிருக்கலாம்.

— சொன்னா தப்பிக்கறதுக்குச் சொல்ற மாதிரி இருக்குமுங்க. ஒரு உசுரு போயிருக்குது, இவன் சைரன் நின்னுச்சுன்னு கதை சொல்றான் பாருன்னு சொல்வாங்க. அதும்போக, கையத் தூக்குனது நாந்தானே. நிக்கட்டும், நிக்காமப் போகட்டும், கிட்ட ஓடிப்போயி உள்ள ஆருன்னு பாத்திருக்கோணும். பத்தடி தூரம். நான் போகல. அதுதான் என்ன அறுக்குது. ஒரு தடவ மேச்சேரிக்குப் போனேன். அன்னிக்கு அந்த ஆம்புலன்ஸ ஓட்டுன காளிதாஸு அந்த ஊருக்காரன். வேலைய விட்டுட்டு ஆடு வளக்கறான்னாங்க. பட்டியில நின்னுக்கிட்டு இருந்தான். கால்ல விழுகப் போனேன். புடிச்சு நிறுத்திட்டான்.

— காளிதாஸப் பாத்தீங்களா? எப்ப?

— வருசம் ஒண்ணாகுதுங்க.

— என்ன சொன்னான்?

— ‘உங்க மேல தப்பில்லீங்க, ஊட்டுக்குப் போங்க’ன்னான். அவ்வளவுதான். ஏஞ்சாமி நிறுத்துனே, ஏன் சைரன அணைச்சேன்னு ரெண்டு தடவ கேட்டேன். தலையக் குனிஞ்சுக்கிட்டான். பஸ்ஸு ஏத்தி உட்டுட்டுத்தான் போனான். நல்ல மனசுக்காரன். என்ற மனசு நோகக் கூடாதுன்னு அப்பிடிச் சொல்லியிருக்கறான்.

— வேற ஒண்ணுமே சொல்லலைங்களா?

— இல்லீங்க. ஏனுங்க அம்மிணி, பேனாவக் கீழ வெச்சுட்டீங்க? தண்ணி குடிங்க. நான் பழசக் கெளறியிருக்கக் கூடாது.

— இதைக் கேளுங்கண்ணா. நான் உண்ணாவிரத மேடையில என்ன பேசுனேன்? உங்களுக்கு ஞாபகம் இருக்குதுங்களா?

— மறக்குமா. ‘முனியப்பன் கோயில் முன்னால என்ற ஊட்டுக்காரரப் பன்னண்டு நிமிசம் நிறுத்தி வெச்சாங்க, பத்து நிமிசம் முன்னால வந்திருந்தா பொழச்சிருப்பாருன்னு டாக்டரு சொன்னாரு’ன்னீங்க. நான் கூட்டத்துக்குப் பின்னால, பஸ் ஸ்டாப்புத் தூணுக்கு மறைவுல நின்னு கேட்டேன்.

— அதச் சொல்லித்தான் ஆறு நாளு பட்டினி கெடந்தேன். அதச் சொல்லித்தான் ஓட்டு வாங்கி இந்த நாக்காலிக்கு வந்தேன். அதச் சொல்லித்தான் ரோட்டு மேல பூசைய நிறுத்துனேன், லாரி நிக்கறதுக்கு வேற எடம் போட்டேன். இந்த ஆஸ்பத்திரியும் அதச் சொல்லி வாங்குனதுதான்.

— நல்லதுதானுங்களே. ஊருக்கு ஆகற காரியம். நெசத்தத்தானே சொன்னீங்க.

— நிறுத்தி வெச்சாங்கன்னேன். ஆரு நிறுத்துனதுன்னு ஒரு நாளும் உங்க பேரச் சொல்லல. சொல்லலைங்கறத வெச்சே மூணு வருசமாத் தூங்குனேன். ஊரு உங்களப் பாத்துக் கை நீட்டுச்சு. நான் வாயத் தொறக்காம இருந்துட்டேன்.

— எனக்குப் புரியலைங்க அம்மிணி.

— அன்னிக்கு முட்டை லோடுக்குத் தார்ப்பாய் கட்டிக்கிட்டு இருந்தவரு அப்பிடியே உக்காந்துட்டாரு. சட்டையெல்லாம் வேர்வை. ஆம்புலன்ஸுல ஏத்துறப்ப என்ற கையப் புடிச்சவரு உடவே இல்லை. காளிதாஸு சைரன் போட்டு அடிச்சுக்கிட்டு வந்தான். கோயில்கிட்ட வாரப்ப ஜனம் ஒதுங்குது. கடைக்காரங்க சைக்கிள இழுத்து வழி உடறாங்க. லாரிக்கு முன்னால ஒரு வண்டி போற அளவுக்கு எடம் இருந்துதுங்க. ‘அக்கா, போயிரலாம்’னு சொல்லிட்டு அவன் கியரு போட்டான்.

— எடம் இருந்துதுங்களா?

— இருந்துது. நான் கண்ணாடி வழியாப் பாத்தேன். கற்பூரப் பொகை தெரிஞ்சுது. டயருக்கு அடியில பழம் இன்னும் நசுங்கல. குறுக்க போனா போறவனுக்கு ஆகாதுன்னு சின்னப் புள்ளையில இருந்து கேட்டு வளந்தவ நான். உள்ள படுத்திருக்கறது என்ற ஊட்டுக்காரரு. இந்த நேரத்துல அவர முனியப்பனுக்குக் குறுக்க கொண்டுபோறதான்னு நெனச்சேன். அவரு தலைய ஆட்டுனாரு. வேண்டாம், குறுக்க போகாதேன்னு சொல்றாருன்னு நானே நெனச்சுக்கிட்டேன். நிறுத்தாதேன்னு சொன்னாரோ என்னமோ. இன்னிக்கு வரைக்கும் தெரியலைங்கண்ணா.

— அம்மிணி...

— பத்திரத்த எடுத்துக்கிட்டுப் போங்க. காளிதாஸு மாட்டேன்னுதான் சொன்னான். நான் அவன் தோளப் புடிச்சு இழுத்து, ‘தம்பி, சைரன அணை, பூசை முடியட்டும்’னேன். நீங்க கையத் தூக்குறதுக்கு முன்னாலயே வண்டி நின்னுருச்சுங்கண்ணா. நிறுத்துனது நானு.